தகப்பன் பெயர் எழுதாத கட்டம்

என் மகள் பிறந்ததும் எனக்கு வந்த முதல் செய்தி, அவள் முகத்தைப் பார்த்தால் நான் செத்துப்போவேன் என்பது.

தோட்டத்துக் கோயில் பூசாரி நட்சத்திரம் பார்த்துச் சொன்னார்: "தகப்பனுக்கு ஆகாத நேரம். இருபத்தேழு நாளைக்குப் பிள்ளை மொகத்துல முழிச்சிறாத. அதே நட்சத்திரம் திரும்பி வர்றப்ப, கிண்ணத்து எண்ணெயில அது நெழலைப் பாத்துட்டு, பொறகு நேரா பாரு."

"தெரியாம பாத்துட்டா சாமி?"

"தெரியாமலே போயிருவ."

இழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள் நான். இழவு என்னுடையது என்றதும் ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. அன்றைக்கே கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மேல் லயத்து வீட்டு வரிசையில் ஒரு கூட்டாளியின் ஒற்றையறைக் காம்பிராவுக்குக் குடிபோனேன். துணி சுற்றிய எதைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் சாக்கு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த கிழவியைக் கண்டு மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் குதித்தேன். முட்டி சிராய்த்தது. கிழவி எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக ஊரெல்லாம் சொன்னாள்.

அது மழைமாதம். எங்கள் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் சத்தத்துக்குத் திசை இருக்காது. பிள்ளையின் அழுகை தேயிலைச் செடிகளுக்கு அடியிலிருந்து வரும். கூரைத் தகரத்திலிருந்து வரும். சிலசமயம் என் பிடரிக்குப் பின்னாலேயே வரும்.

நான் தோட்டத்துத் தப்பால்காரன். காலையில் கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கிப் பலாபத்வலை ஊருக்குப் போய்த் திரும்புவது வேலை. பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள், பையைக் கட்டிக்கொண்டே ஆபீஸ் கிளாக்கரையா சொன்னார்: "ஒம் பிள்ளையோட பொறப்புக் கடதாசியும் இதுலதான் பதிவுகாரருக்குப் போவுது. தகப்பன் பேரு கட்டம் காலி."

"நான் இருக்கேனே ஐயா!"

"நீ இங்க நிக்கிற. கடதாசியில நிக்கலையே. நீ தாலி கட்டுனத சாமி பாத்துச்சு, சர்க்கார் பாக்கல. பதியாத கல்யாணம்னா, தாயும் தகப்பனும் சேந்து போய் அவரு முன்னால கையெழுத்து வச்சாத்தான் பேரு ஏறும். இன்னைக்குப் புஸ்தகத்துல ஏத்திருவாரு. பொறகு மாத்தணும்னா கோட்டுக்குத்தான் நடக்கணும்."

இருபத்தேழு நாள் கழியட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று இருந்தவன் நான். அப்போதுதான் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பிராக்காரர் நினைவுக்கு வந்தார். மனைவி செத்த பிறகு மகளைத் தூக்கி வளர்த்தவர். அக்கரை இந்தியாவிலிருந்து அவள் மாமன் வந்து பிள்ளையைக் கேட்டான். தோட்டத்துத் துரை கடதாசியை எடுத்துப் பார்த்தார். தகப்பன் என்று யாரும் இல்லை. மாமன் அவளைக் கப்பலுக்குக் கூட்டிப் போய்விட்டான். அதன் பிறகும் அவர் சாயங்காலமானால் வாசலில் நின்று, "விளையாடுனது போதும், வாம்மா" என்று கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, ஒருத்தி உள்ளே நுழைகிற அளவுக்கு ஒதுங்கி வழி விடுவார். பிறகு கதவைச் சாத்துவார்.

என் பிள்ளையை யாருடைய பிள்ளையும் இல்லை என்று சொல்கிற கடதாசி என் தோளிலேயே தொங்கியது. லயத்துக்கு ஓடி, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க முன்னுக்குப் போங்க, நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு பின்னுக்கு வாறேன்" என்றாள். "திரும்பிப் பாத்துத் தொலைச்சிறாதீங்க. வெள்ளச் சீலை கட்ற வயசா எனக்கு?"

இறங்கினோம். பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. பின்னால் அவள் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. அதையே எண்ணிக்கொண்டு நடந்தேன். பாறை வெட்டிய வளைவில் அது நின்றுவிட்டது.

"ஏ புள்ள!"

இன்னொரு தடவை கூப்பிட்டேன். திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. அப்போது பிள்ளை அழுதது. பின்னால் இல்லை. எனக்கு முன்னால், மூடுபனிக்குள்.

தப்பால் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாதை நடுவிலே குந்திவிட்டேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். தெரியாத ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் பின்னாலிருந்து அவள் குரல்: "எதுக்குப் பையத் தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? பால் குடுத்துட்டு வர்றதுக்குள்ள?"

"முன்னாடி அழுதுச்சே!"

"இது அழவே இல்லியே."

அழுதது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதி வழி முழுக்க அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பதிவுகாரர் தன் வீட்டிலேயே மேசை போட்டு வேலை பார்க்கும் சிங்களப் பெரியவர். தமிழ் பேசுவார். பையைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது உன் பிள்ளையா?"

"ஆமாங்க மஹத்தயா" என்றேன், சுவரிடம்.

"அதைப் பார்த்துச் சொல்லு."

"பாத்தா செத்துருவேனுங்க."

பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "பார்க்கமாட்டேன் என்கிற மனுஷனை நான் எப்படித் தகப்பன் என்று எழுதுவது? நாளைக்கு நீயே வந்து, அது யார் பிள்ளையோ, நான் பார்க்கவே இல்லை என்பாய். எனக்கு வேலை இருக்கிறது."

மனைவி பிள்ளையின் துணியை இழுத்து விட்டாள். பார் என்று எப்படிச் சொல்லுவாள்? பார்க்காதே என்றுதான் எப்படிச் சொல்லுவாள்? பதிவுகாரர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எனக்குப் புத்தி வேலை செய்தது. பார்த்தால், என் மகள் தகப்பன் செத்துப்போன பிள்ளை. பார்க்காவிட்டால், நான் உயிரோடு பக்கத்திலேயே இருந்தும் தகப்பன் இல்லாத பிள்ளை. செத்தவனுக்காவது ஒரு பெயர் இருக்கும். அவனுடைய மகள் என்று நாலு பேர் சொல்லுவார்கள்.

திரும்பினேன்.

பன்னிரண்டு நாள் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்திருந்தது. சிமிட்டவில்லை. யாரையோ நீண்ட நேரமாக எதிர்பார்த்திருந்ததுபோல என்னையே பார்த்தது.

"எம் புள்ளதாங்க" என்றேன்.

மனைவி பெருவிரல் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன், நெளிந்து நெளிந்து, மண்புழுவைப்போல. பதிவுகாரர் கட்டத்தில் என் பெயரை எழுதி, ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்தார்.

வெளியே வந்தபோது மூடுபனி இன்னும் கலையவில்லை. பிள்ளையை வாங்கித் தூக்கிக்கொண்டேன்.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நான் விழுந்துட்டா மொதல்ல புள்ளையப் பிடி."

ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மகள் முகத்திலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.