அத்திம்பேருக்கு சிக்னல் கிடைக்கவில்லை

போன திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மந்தைவெளியிலிருந்து அக்கா போன் செய்தாள். "உடனே கிளம்பி வாடா. அத்திம்பேர் ஆத்துல இருக்கார்னு போன் காட்டறது. ஆனா ஆத்துல அவர் இல்லை."

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, எழுபத்து மூன்று வயது. ஒரு வருடமாக ஞாபகமறதி. சாவியை மறந்தால் பரவாயில்லை... இரண்டு முறை வீட்டுக்கு வரும் வழியையே மறந்துவிட்டார். அதற்காக வாங்கியதுதான் இந்த ஜி.பி.எஸ். டிராக்கர். தீப்பெட்டி அளவு. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால், ஆள் எங்கே என்று அக்காவின் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும்.

காட்ட வேண்டும். ஆனால் வாங்கி ஒரு வாரமாகப் புள்ளி வீட்டை விட்டு அசையவில்லை. ஆள் மட்டும் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வந்துவிட்டார். அக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள் — ஞாயிற்றுக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் வாக்கிங் கட். நாற்பது வருடமாகத் தினமும் தனியாக நடக்கிற மனுஷர். அக்கா சமையலறைக்குள் போனதும், "எப்படியாவது இதைச் சரி பண்ணிக் குடுத்துடுப்பா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் டெக்னாலஜி என்றால் நான்தான். எப்போதோ டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றியதில் வந்த பெயர். அக்கா கொடுத்த டிராக்கரை ஆஃப் செய்து ஆன் செய்தேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்தேன். சிம்மைக் கழற்றி ஊதினேன் — ஊதினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், எல்லோரும்தான் ஊதுகிறோம். கஸ்டமர் கேர் பெண், திறந்த வானத்தின் கீழே கால் மணி நேரம் வைக்கச் சொன்னாள். மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு தெருமுனை வரை எடுத்துப் போனேன். புள்ளி சமர்த்தாகக் கூடவே வந்தது.

என் கையில் இருந்தால் வேலை செய்கிறது. அவர் சட்டைப் பைக்குப் போனால் படுத்துவிடுகிறது. ஏன்? தூங்குமூஞ்சி மரங்களைச் சந்தேகப்பட்டேன். அடுக்குமாடிக் கட்டடங்களைச் சந்தேகப்பட்டேன். அக்காவை மட்டும் சந்தேகப்படவில்லை.

புதன்கிழமை அத்திம்பேர் கிளம்பும்போது பக்கத்தில் இருந்தேன். அக்கா டிராக்கரை ஒரு செப்புத் தகட்டுக்குள் வைத்து, நாலாபக்கமும் மடித்து, மஞ்சள் துணிப் பையில் போட்டு, அவர் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தினாள். என்ன தகடு இது என்றேன். அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று கோயிலில் பூஜை செய்து வாங்கி வந்த யந்திரத் தகடாம். தனியாக வைத்தால் அவருக்குக் குத்துமே என்று டிராக்கர் மேல் சுற்றியிருக்கிறாள்.

உலோகத்துக்குள் சிக்னல் எப்படி நுழையும்? அவரைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடு செய்து, ஒன்றை வைத்து இன்னொன்றை மூடிவிட்டாள். சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. தகட்டை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிராக்கர் சட்டைப் பைக்கு, தகடு பேன்ட் பாக்கெட்டுக்கு என்று பாகப்பிரிவினை செய்து வைத்தேன். புள்ளி நடக்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமையும் அங்கேதான் இருந்தேன். புள்ளி லஸ் கார்னர் தாண்டி ஒரு சந்தில் நின்றது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... மறுபடியும் சிக்னல் போச்சா என்று நான் செட்டிங்ஸைக் குடைந்துகொண்டிருந்தேன். அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். ஆட்டோ பிடித்துப் போனோம்.

சிக்னலில் கோளாறு இல்லை. பூட்டிய கடை ஒன்றின் வாசலில் அத்திம்பேர் நின்றுகொண்டிருந்தார். எந்தப் பக்கம் திரும்புவது என்று மறந்துவிட்டதாம். ஆனால் முகத்தில் துளிப் பதற்றம் இல்லை.

"எப்படியும் நீ வந்துடுவேன்னு தெரியும். அதான் நின்னுண்டு இருந்தேன்" என்றார் அக்காவிடம்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அவர் கையை விடவில்லை. வாக்கிங் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு நிறுத்தணும்? வழி தெரியலைன்னா நின்ன இடத்துலேயே நிக்கத் தெரியறதே அவருக்கு. அது போதும்" என்றாள்.

எனக்கெல்லாம் வழி தெரியாதபோதுதான் நடை இன்னும் வேகமாகும்.