ஈர மணலில் ஆறு போத்தல்கள்

வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் நாக்கில் படாமல், இத்தாலியின் எந்த மாகாணத்து வைன் எந்தக் கறிக்குப் பொருந்தும் என்று முக்கால் மணி நேரம் பேசக்கூடிய ஒருவர் கல்முனையில் இருக்கிறார். வேறு யாராவது இருந்தால் நான் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று விசாரித்துப் பார்த்தேன். யாரும் இல்லை.

இந்த அறிவு எனக்கு வந்த வழி சாதாரணமானது. ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த நோய்க்காலத்தில் வாசிக்க எதுவும் மிஞ்சாமல், கொழும்பு நடைபாதையில் எப்போதோ நிறுத்து வாங்கிய புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். கறையான் தின்றது போக மிஞ்சியிருந்தது இத்தாலிய வைன் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம். குளிர்காலப் பண்டிகை விருந்துக்கென்று அதில் தனி அத்தியாயமே இருந்தது. வெளியே பனி, உள்ளே விறகடுப்பு, மேசையில் வாட்டிய இறைச்சி, காளான், பழைய பாற்கட்டி. கொழுப்பை அறுக்கப் புளிப்புள்ள சிவப்பு. பொரியலுக்கு நுரை வைன். கடலுணவுக்குக் கடலோரத்து வெள்ளை. உறைப்போடு துவர்ப்பைச் சேர்க்கவே கூடாது. வெயில் கொளுத்தும் மத்தியானங்களில் இடுப்பில் சாரத்தோடு படுத்துக்கொண்டு இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

"குடிக்கிறவனுக்காவது விடியச் சாமம் வெறி முறியும்" என்றாள் மனைவி. "வாசிக்கிறவனுக்கு முறியாது போல."

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. பாண்டிருப்பில் எனக்கொரு நண்பன் இருக்கிறான். நான் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலையில் இருபத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவன். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் இத்தாலியில், வடக்கே பியமொந்த் என்ற மலைப் பக்கத்தில், தாதியாக வேலை பார்க்கிறாள். என்னிடமும் படித்தவள், ஆதலால் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். மற்ற நாட்களில் குடிக்கிற தண்ணீரைக்கூடக் கோப்பையில் அளந்து குடிக்கிறவன்.

அந்த மகள் அந்த ஊர்ப் பொடியன் ஒருவனை விரும்பினாள். போன மார்கழியில் பொடியனுக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் தகப்பனும் மட்டும் அவளோடு வருவதாக ஏற்பாடு.

எங்கள் கரையில், தமிழரென்றாலும் முஸ்லிமென்றாலும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கலியாணம் பெண் வீட்டில். அந்த வீடும் பெண்ணுக்கு. நண்பன் சம்பளத்திலும் டியூஷனிலும் இருபது வருடமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தான். அந்த விறாந்தையில் மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். அவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். கலியாணம் அங்கே நடந்தால் அவனால் போக முடியாது. இயந்திரத்தை விட்டு நாலு நாள் நகர்ந்தால் ஆள் இல்லை.

"அவங்கட கையிலதான் எல்லாம் கிடக்கு மச்சான்" என்றான். "வரக்குள்ள நல்லாக் கவனிச்சு, மறுகா கேட்கப் போறன். ஆவணியில இஞ்ச வைங்க எண்டு. அவங்க சாப்பாட்டோட வைன் குடிக்கிற ஆக்களாம். எனக்கு என்ன தெரியும்?"

"அதை என்னட்ட விடு" என்றேன்.

இந்த மூன்று சொற்களை நான் வாழ்க்கையில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையும் காரியம் உருப்பட்டதில்லை.

தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பனிக்குப் பதிலாக மாரி மழை. விறகடுப்பு நண்பனிடம் இருந்தது. இறால் வடைக்கு வெனேத்தோவின் நுரை வைன். நண்டுக் கறிக்குச் சார்தீனியாத் தீவின் வெள்ளை. கணவாய்ப் பிரட்டலுக்குச் சிசிலியின் சிவப்பு. கோழிக்குத் தொஸ்கானா. கடைசியாக ஆட்டிறைச்சிக்கு, சம்பந்தியின் சொந்த மண்ணான பியமொந்த்திலிருந்து பார்பெரா என்கிற சிவப்பு; துவர்ப்புக் குறைவு, புளிப்புக் கூட, எங்கள் உறைப்புக்குத் தோதானது. இனிப்புக்கு என் மனைவியின் வட்டிலப்பமும் அதே பியமொந்த்தின் இனிப்பு வைனும். வட்டிலப்பத்தின் சோடி யாரென்று மனைவியிடம் சொல்லவில்லை. கொழும்பில் ஹோட்டலொன்றில் வேலை செய்யும் நண்பனின் ஒன்றுவிட்ட தம்பி ஆறு போத்தல்களையும் தேடி வாங்கி அனுப்பினான்.

விருந்துக்கு இரண்டு கிழமை இருந்தது. வைனை நிலவறையில் படுக்க வைக்க வேண்டும் என்றது புத்தகம். எங்கள் கரையில் நாலடி தோண்டினால் தண்ணீர். நண்பனின் அறைகளோ தகரக் கூரை. வெயில் வந்தால் நெல் வறுக்காமலே பொரியும். யோசித்துப் பார்த்து, கிணற்றடி எலுமிச்சை மரத்தின் கீழே ஈர மணலில் புதைக்கச் சொன்னேன்.

போத்தலைத் தொடுவதில்லை என்று எனக்கொரு கொள்கை. வைனைச் சுமப்பவனுக்கும் பாவத்தில் பங்குண்டு என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நான் குடை பிடித்தேன். வருத்தக்காரனான நண்பன், ஊசி ஏற்றி ஏற்றி வீங்கிய இடது கையை நெஞ்சோடு மடித்துக்கொண்டு, வலது கையால் மண்ணைக் கிளறினான். எது எங்கே என்று ஆறு ஈர்க்கில் நட்டு அடையாளம் வைத்தோம். பத்தி பத்தியாக வாசித்த எனக்கு, குளிர்ச்சியைப் பற்றிய பத்தி நினைவிருந்தது. லேபிள் என்பது கடதாசி என்பது நினைவில் இல்லை.

அந்த இரண்டு கிழமையும் மாரி தன் கடமையைச் செய்தது. கிணறு நிரம்பி, வளவு நிரம்பி, ஈர்க்கில்கள் ஆறும் தெருவுக்குப் போய்விட்டன. விருந்துக்கு முதல்நாள் நண்பன் முழங்கால் தண்ணீரில் நின்று காலால் தடவித் தடவி ஐந்து போத்தல்களை எடுத்தான். ஆறாவது அகப்படவே இல்லை. எடுத்த ஐந்தும் லேபிள் கரைந்து, குளித்துவிட்டு வந்த பிள்ளைகளைப் போல அம்மணமாக இருந்தன.

நுரை வைனுக்குக் கம்பிக் கட்டு இருந்ததால் தப்பித்தது. வெளிர் கண்ணாடிப் போத்தல் இரண்டில் எது நண்டுக்கு, எது வட்டிலப்பத்துக்கு? சிவப்பு மூன்றிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. தொலைந்தது எந்த மாகாணம்?

"திறந்து ஒரு சொட்டு வாயில வச்சுப் பார்த்தாத் தெரியும்தானே?" என்றான் நண்பன்.

"ஓம். ஆர் வைக்கிறது?"

நான் முஸ்லிம். அவனோ, சாகக் கிடந்த மனைவியின் தலையில் கைவைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணியவன். வைன் பற்றி அந்தக் கரையில் அதிகம் தெரிந்தவனும், ஒன்றும் தெரியாதவனும், கொட்டுகிற மழையில், ஐந்து போத்தல்களைச் சுற்றி அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். சம்பந்தி உயரமான, கூச்சமுள்ள மனிதர். கையில் தொழிலாளியின் தழும்புகள். சம்பந்தி அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த காலோடு நண்பனைக் கும்பிட்டார். மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். நண்பன் விடியற்காலையிலிருந்து தானே சமைத்திருந்தான். அலுமாரி மேல் வெற்றிலைத் தட்டம் துடைத்து, அடுக்கி, ஆயத்தமாக இருந்தது.

வைன் இருக்கும் மேசையில் நான் அமர முடியாது. இரண்டு முழம் தள்ளி ஒரு முக்காலியும், என் சோடாவும், மனைவியின் நிபந்தனைப்படி அதே தூரத்தில் வட்டிலப்பமும். அங்கிருந்தபடி ஒவ்வொரு போத்தலையும் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தேன். மகள் மொழிபெயர்த்தாள். சம்பந்தி என்னைப் பார்த்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் சிரிப்பை விழுங்கினாள். 'இவர் ருசி பார்க்கிறவரா, காவல்காரரா?' என்று கேட்டாராம். பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் உட்கார்ந்ததுமே நண்பன் அலுமாரிப் பக்கம் எழுந்தான். தட்டத்தை எடுத்துக் கேட்டுவிட நினைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறுடா. நுரை வைனோட பெரிய கதை கதைக்கப்படாது. அது பசி தூண்ட."

நண்டு வந்தபோது மறுபடி எழுந்தான்.

"இப்ப கேட்கட்டா?"

"நண்டைக் கையில வச்சிருக்கிற மனுசனிட்டக் கலியாணக் கதையா? சிவப்பு வரட்டும். இறைச்சியோட. அவங்கட ஊர் வைன். அதைக் குடிச்சாப் பிறகு மனுசன் இளகிப் போவான். புத்தகத்தில கிடக்கு."

அவன் உட்கார்ந்தான். இருபத்தைந்து வருடமாக ஆசிரியர் அறையில் நான் சொன்ன எதையும் நம்பாதவன். அன்று மட்டும் நம்பினான்.

இறைச்சி வந்தது. இரண்டு சிவப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுந்து நின்று, இது பார்பெரா, உங்கள் மலைகளின் வைன், உங்கள் வீட்டை உங்களுக்குத் தருகிறோம் என்று பேசினேன். நல்ல பேச்சு. இன்றும் அந்த வாக்கியங்கள் நினைவிருக்கின்றன, வேண்டாத நேரங்களில். சம்பந்தி ஒரு மிடறு குடித்தார். பிறகு மேசையில் கிடந்த தக்கையை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். அதில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. வாசித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். தக்கையை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வெரி குட்" என்றார்.

தக்கையில் ஊர்ப் பெயர் இருக்கும் என்பதும் புத்தகத்தில் இருந்திருக்கும். கறையான் தின்ற பக்கமாக இருக்க வேண்டும்.

எனக்கு முகத்தில் இரத்தம் ஏறியது. நண்பன் என் கண்ணசைவுக்குக் காத்திருந்தான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மானத்தைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது. அந்த ஒரு நிமிடத்தில் சம்பந்தி கோப்பையோடு எழுந்து நின்றார். மெதுவாகப் பேசினார். மகள் தலையைக் குனிந்தபடி தமிழில் சொன்னாள்.

"ஆனி மாசம், அவங்கட ஊரில, சின்னதா வைப்பமாம். அப்பாக்கு ஒரு கரைச்சலும் வேணாமாம். எல்லாச் செலவும் தங்கடயாம்."

விருந்தாளி உன் சோற்றைத் தின்றுகொண்டு, எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னபிறகு, அதை மறுத்து வீட்டுக்காரன் வாய் திறப்பது எங்கள் கரையில் இல்லை. நண்பன் அலுமாரிக்குப் போய்த் தட்டத்தை எடுத்தான். அடுக்கியிருந்த வெற்றிலையை மறுபடி அடுக்கினான். பிறகு மேசையில் வைத்து, "சந்தோசம்" என்றான். "வெத்திலை போடச் சொல்லு மகள்."

சம்பந்தி அம்மா ஒரு வெற்றிலையை எடுத்து, இதை எப்படித் தின்பது என்று கேட்டார்.

அவர்கள் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சேர், அப்பா ஏன் கேட்கேல்ல?"

"என்னத்தை?"

"கலியாணம் இஞ்ச வைக்கச் சொல்லி. நான் அவங்களுக்குச் சொல்லித்தான் கூட்டி வந்தனான். எங்கட பக்கம் பொம்பிளை வீட்டார்தான் முதல் கேட்பாங்க, நீங்க வாய் திறக்கப்படாது எண்டு. மாமா வடையில இருந்து இறைச்சி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஓம் சொல்லத்தான் வந்தவர் சேர். கேட்காம விட்டதும், அப்பாக்கு ஏலாது போல, வருத்தக்காரரைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டு தானே பொறுப்பெடுத்திட்டார்."

நான் நுரை வைனைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "லைன் கிளியர் இல்ல மகள்" என்றேன். லைன் நல்ல கிளியராக இருந்தது.

ஆனியில் கலியாணம் நடந்தது. நாள் அவனுடைய இயந்திர நாளில் விழுந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். தாதிகள் கேலி பண்ணினார்கள். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் போன். கை சோர்ந்ததும் போனை நான் வாங்கிப் பிடித்தேன். இதற்காவது கொள்கை குறுக்கே நிற்கவில்லை. திரையில் பச்சை மலை, நீள மேசை, பட்டுச் சாறியில் மகள். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. தாலி கட்டுகிற நேரம் முழுவதும் அவளுடைய பாதி முகம் மட்டும் அசையாமல் நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடிவாக் கிடக்கு என்ன?" என்றான்.

"ஓம்."

"நீ அண்டைக்குச் சொன்னது சரி மச்சான். மனுசன் இளகித்தான் போனான். பார், எவ்வளவு நல்ல ஆக்கள்."

மகள் சொன்னதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் எழுதுவதை அவன் வாசிப்பதில்லை என்பது எங்கள் நட்பின் அடிப்படை. ஆதலால் இங்கே எழுதலாம். விறாந்தைக்குச் சீமெந்து பூசி, வர்ணம் அடித்து, மகள் பேரில் எழுதி வைத்த வீட்டில் அவன் தனியாக இருக்கிறான். கிணற்றடி மணலுக்குள் எங்கோ ஒரு போத்தல் கிடக்கிறது. அதுதான் பார்பெராவாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, ஒளித்து வைத்திருந்த எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். வட்டிலப்பத்துக்கு நான் பார்த்த சோடியைக்கூடச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். சுளகில் அரிசியைப் புடைத்து முடித்து எழுந்து போகையில்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு போத்தல் நட்டீங்களே, ஒண்டாவது முளைச்சிச்சா?"