மந்தைவெளியில் அறுந்த லைன்

தொண்ணூறுகளில் தி.நகரில் ஓர் எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. கீழே குடம் உருளும் சத்தத்துக்கும் மேலே புரோகிராம் ஓடாமல் படுத்துக்கொள்வதற்கும் சம்பந்தமில்லை என்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். மூன்று கிளைகள் வைத்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக, கிளைக்குக் கிளை டெலிபோன் லைனிலேயே ரிப்போர்ட் அனுப்பும் சாஃப்ட்வேர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். அனுப்பும் பகுதி என்னுடையது. வாங்கும் பகுதி பக்கத்து நாற்காலி நண்பனுடையது. அவன் சைதாப்பேட்டைக்காரன், கோபம் வந்தால் சைதாப்பேட்டையும் கூடவே வரும்.

தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். நிஜமான லைனில், நிஜமான தூரத்தில் சேர்ந்து ஓடுமா என்பதுதான் கேள்வி. அந்தச் சோதனைக்கு மூன்று இடங்கள் வேண்டும். ஒன்று ஆபீஸ். இன்னொன்று அடையாறில் முதலாளி வீடு. மூன்றாவதுக்கு எல்லாரும் முழித்தபோது, "எங்க வீட்ல போன் இருக்கு சார்" என்று நான் கையைத் தூக்கினேன். வீட்டில் போன் இருப்பதைச் சொல்லிக்கொள்ள அதுவரை எனக்கு நல்ல சந்தர்ப்பம் அமையவில்லை.

மந்தைவெளியில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தங்கை இரண்டு வருடம் முன்பு, எங்கள் கோயில் பீடத்தின் முன் நிற்காமல், ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு நாக்பூர் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. அவளைப் பற்றியும் பேசவில்லை.

சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு தங்கையிடமிருந்து என் ஆபீசுக்கு ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்றும், தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு நாள் பகலில் போன் செய்து பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தாள். "அம்மா எடுப்பாங்களா?" என்பது கடைசி வரி. அதைச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் வானிலை அறிக்கை மாதிரி படித்தேன். அம்மா எனக்கு ரசம் ஊற்றிவிட்டு, "உப்பு போதுமா?" என்றாள். சரி, கல் கரையாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரும், அதை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடமும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தன. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை லைன் முழுக்க எங்களுக்கு. தினமும் ஆபீசிலிருந்து நூறு பொய் ரிப்போர்ட்டுகளை மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் அனுப்புவோம். அடையாறில் நூறும் இருக்கும். மந்தைவெளியில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து. பகலில் பல முறை அந்த லைன் அறுந்து, திரும்பச் சேர்ந்துகொண்டிருந்தது. அறுவதுகூடப் பரவாயில்லை. அறும்போதெல்லாம் ஒரு ரிப்போர்ட் காணாமல் போனது. நிஜ ரிப்போர்ட்டாக இருந்தால், யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவு காற்றில் கரைந்தது என்று அர்த்தம்.

நான் நண்பனைச் சந்தேகித்தேன். "நான் ஒழுங்கா அனுப்பறேன். நீதான் வாங்காம தூங்கறே."

"இன்னா மச்சி பேசற? அதே புரோகிராம்தானே அடையார்லயும் கீது? அங்க முழிச்சிக்கினு கீது, உன் வூட்ல மட்டும் தூங்குதா? உன் வூட்லதான் இன்னாமோ கீது. போய்ப் பாரு."

பத்து நாள் இப்படியே ஒருவரையொருவர் திட்டிவிட்டு, பதினோராம் நாள் நான் ஆபீசுக்குப் போகாமல் வீட்டு மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பத்து மணி சுமாருக்கு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஹாலில் இருந்த டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். மோடத்தின் கிறீச் சத்தத்தில் முகம் சுளித்தாள். பிறகு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் ரிசீவரை மெல்ல வைத்துவிட்டு உள்ளே போனாள். மோடத்தில் விளக்கு அணைந்தது. ஒரு ரிப்போர்ட் காலி.

"ஏம்மா, எதுக்கு அதை எடுத்தே?"

"டயல் டோன் வருதான்னு பாத்தேன். பக்கத்து வீட்ல ரெண்டு நாளா டெட்."

"காதுல கத்துதில்ல? அப்புறமும் எதுக்கு எடுக்கறே?"

"உன் மெஷின் முடிச்சுட்டுதான்னு பாக்கறேன்."

"அது அஞ்சு மணிக்குத்தான் முடியும்னு சொன்னேனே."

"சொன்னே." அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே நின்றாள். "நாள் முழுக்க எங்கேஜ்ட். அந்தப் பொண்ணு வயித்தைத் தூக்கிக்கிட்டு பூத் வரைக்கும் நடந்து வந்து போடும். எங்கேஜ்ட்னு வந்தா என்ன நெனைக்கும்? அம்மா ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டான்னு நெனைக்காதா?"

எழுந்து போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினேன். பத்து நாளாக, அம்மா தன் மகளிடம் பேசக்கூடாது என்று மிகத் திறமையாக ஏற்பாடு செய்திருந்தவன் நான். தங்கை வீட்டில் போன் கிடையாது, திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. அன்று சாயங்காலமே, "எடுப்பாங்க, விடாமப் போட்டுப் பாரு" என்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன்.

மறுநாள் விஷயத்தைக் கேட்டு நண்பன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "மச்சி, நாம டெஸ்டுல லைனை எப்ப கட் பண்ணோம்? ஒரு ரிப்போர்ட் முழுசா போனதுக்கு அப்புறம், மரியாதையா கட் பண்ணோம். உங்கம்மா பாதி வாக்கியத்துல கட் பண்றாங்க. கிளையில நர்சம்மா அப்படித்தானே பண்ணும்?" என்றான்.

என் புரோகிராமைத் திறந்து பார்த்தோம். தப்பு அங்கேதான் இருந்தது. அனுப்ப ஆரம்பித்த உடனேயே, அனுப்பியாயிற்று என்று அது குறித்துக்கொண்டது. தங்கைக்கு இரண்டு வருடமாக மனசுக்குள்ளேயே கடிதம் எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்று இருந்தவன் எழுதிய புரோகிராம் வேறு எப்படி இருக்கும்? வந்து சேர்ந்தது என்று எதிர்முனை பதில் சொன்ன பிறகே குறித்துக்கொள்ளும்படி மாற்றினேன். நாள் முழுக்க லைனைப் பிடித்துத் தொங்குவதையும் விட்டோம். மணிக்கு ஒரு முறை வீட்டு மெஷினே ஆபீசைக் கூப்பிட்டு, சேர்ந்திருப்பதைப் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வைத்துவிடும். அந்த நேரத்தில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த மணி வரை காத்திருக்கும்.

அம்மாவைச் சோதனையில் முறைப்படி சேர்த்துக்கொண்டோம். மணிக்கு ஒரு தடவை, நடுவிலே ரிசீவரை எடுத்துக் கெடுக்க வேண்டும். அம்மா பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பீரியட் பிரித்துக் கோடு போட்டு, கெடுத்த நேரத்தையெல்லாம் எழுதி வைத்தாள். ஒரு நாள் ஐந்தாம் பீரியடில் தூங்கிவிட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். இப்படி ஓட்டிய மூன்று நாளும் நூற்றுக்கு நூறு. தங்கையின் போன் மட்டும் வரவில்லை. "இன்னும் டயம் இருக்கு" என்று நான் சொல்வேன். அம்மா நோட்டில் அடுத்த நாளுக்குக் கோடு போடுவாள்.

நான்காம் நாள் பரிசோதனைக் கூடத்து டாக்டர் ஆபீசுக்கு வந்தார். பத்து மணிக்கு மூன்று இடமும் கடிகாரம் மாதிரி ஓடின. பதினோரு மணிக்கு அடையாறு பேசியது. மந்தைவெளி பேசவில்லை. திரையில் மந்தைவெளிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டுகள் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. ஏழு, எட்டு, ஒன்பது.

"மூணாவது என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

இன்னொரு லைனில் வீட்டுக்கு அடித்துப் பார்த்தேன். எங்கேஜ்ட். ஐந்து நிமிடம் கழித்து அடித்தேன். எங்கேஜ்ட். பத்து நிமிடம் கழித்தும் அதே சத்தம். எங்கள் வீட்டுக்குப் பகலில் போன் செய்து இவ்வளவு நேரம் பேச வேறு ஆள் கிடையாது.

நண்பன் என் முகத்தைப் பார்த்தான். "இன்னா மச்சி, பேசுறாங்களா?"

நான் தலையாட்டினேன். அவன் டாக்டர் பக்கம் திரும்பி, "லைன் உபயோகத்துல இருக்கு சார். எதுவும் தொலையாது, காத்திருக்கும்" என்று சுத்தமான தமிழில் சொன்னான்.

பன்னிரண்டு மணிக்கு மந்தைவெளி கூப்பிட்டது. சேர்ந்திருந்த பதினான்கும் ஒரே மூச்சில் போயின. டாக்டர் எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். எதிரே இருந்த இன்ஜினியர் ஏன் கைக்குட்டையால் மூக்கைச் சிந்துகிறான் என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பதினோரு மணிக் கட்டம் நோட்டில் காலியாக இருந்தது.

"என்னம்மா சொன்னா?"

"ரெண்டு பேரும் என்னத்தப் பேசினோம். மொதல்ல கொஞ்ச நேரம் அவ அழுதா. அப்புறம் நான். பூத்துக்காரன் இந்தியில சத்தம் போட்டான்." தண்ணீரை வடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நாக்பூர்ல இப்ப குளிருமா?"

"குளிரும்."

"எவ்வளவு?"

"மெட்ராஸ்காரங்க தாங்கமாட்டாங்க."

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அம்மாவின் பயணப் பெட்டியை இறக்கினேன்.