சீவாளியில் யார் கைவைத்தது?

நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மேற்கத்தியக் குழலான ஓபோவை வாசிப்பவர் அவர்; சீவாளியை உதட்டில் வைத்து ஊதியதுமே சந்தேகப்பட்டார். நேற்றுவரை கீச்சிட்டது இன்று வெண்ணெயாய் ஒலித்தது. அதன் இரண்டு நாணல் இதழ்களிலும் யாரோ கத்தியால் சீவியிருக்கிறார்கள். நாளை அவருடைய தனி வாசிப்பு. சீவி மெலிந்த இது வாசிப்பின் நடுவில் பிளந்தால் இசைக்குழுவில் இடம் போய்விடும்.

கிளாரினெட் வாசிக்கும் மைத்துனனை மடக்கினார்.

“என்னுது ஒத்தை நாணல், மச்சான். உங்க ரெட்டையில கைவைக்க எனக்கென்ன வேண்டுதலா?”

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “அவனை ஏன் உருட்டுறீங்க? நான்தான் சீவுனேன். கல்யாணமானதுலேர்ந்து அந்தக் கீச்சைக் கேக்குற காது என்னோடது.”

அவர் நம்பவில்லை. புதுச் சீவாளியையும் கத்தியையும் நீட்டினார். அவள் சீவி முடிக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஊதினார். நாளைக்கு இதுதான் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு, அவளிடம் “பரவாயில்லை” என்று மட்டும் சொன்னார்.