வெள்ளவத்தையில் ஒரு ஹெலிகொப்டர்

ரீவி திருத்துகிறவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு: மூடி கழற்றாத சாமான் ஒன்று கண்முன்னால் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான் ரீவி, ரேடியோ, வீடியோ டெக் எல்லாம் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தேன். மற்றவர்கள் உடைத்துக்கொண்டு வருவதைப் பொருத்திப் பொருத்தி அலுத்துப்போய், இன்னும் யாரும் உடைக்காத சாமான் ஒன்றை முதலிலிருந்து நானே பொருத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் என் மனைவியின் பக்கம் நின்று வாசிக்கலாம்.

பெட்டி வந்த கதை

சண்டை நின்றிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்கு ரோட் திறந்துவிட்டார்கள். ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று ஆசைகள் வந்தன. எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போய் ஓடு பறந்த தன் வீட்டுக்குக் கூரை போட்டார். எதிர்வீட்டார் மகளுக்குக் கனடா மாப்பிள்ளை பேசினார்கள். நான் ஹெலிகொப்டர் கேட்டேன். ரிமோட்டில் பறக்கிற சின்ன ஹெலிகொப்டர். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், நாங்களே பொருத்த வேண்டும்.

கேட்டது கொட்டாஞ்சேனை அன்ரனிடம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன், பிறகு கப்பலில் எஞ்சினியர் ஆனவன். ஜப்பானில் கப்பல் நின்றபோது வாங்கி, துறைமுகத்தில் இறங்கும்போது, கூட்டாளியின் மகனுக்கு விளையாட்டுச் சாமான் என்று சொல்லியிருக்கிறான். அங்கே நின்ற அதிகாரி பெட்டியில் இருந்த படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, மகனுக்கு என்ன வயது என்று கேட்டாராம். எனக்கும் வசந்திக்கும் கலியாணம் முடிந்து சில மாதம்தான். அன்ரன் பெட்டியை எங்கள் மேசையில் வைத்து, வசந்தி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், நான் மனசறிஞ்சு பொய் சொன்னதில்ல. கெதியா ஒரு மகனப் பெத்து என்னைக் காப்பாத்து."

மிச்சம் வந்த ஆணிகள்

பெட்டியோடு ஒரு புத்தகம் இருந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. படங்கள் மட்டும் அழகாக இருந்தன. படத்தைப் பார்த்து வேலை செய்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது: எல்லாப் படத்திலும் ஹெலிகொப்டர் சிரித்துக்கொண்டே இருக்கும். எந்த ஆணியை எங்கே இறுக்க வேண்டும், எதை இறுக்கக்கூடாது என்பதெல்லாம் எழுத்தில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் முன்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நான் படம் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். தண்டு நின்றது. வால் பூட்டுப்பட்டது. மேலே விசிறி மாதிரிச் சுற்றும் நீட்டுத் தகடுகளுக்கான தலையும் ஏறியது. முடிந்துவிட்டது என்று எழும்பிப் பார்த்தால், ஆணி போட்டு வைத்த சோசரில் கொஞ்சம் ஆணிகள் மிச்சம் கிடக்கின்றன.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஐயா வந்தார். ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தி கேட்கிற ரேடியோவை முதல் நாள்தான் என்னிடம் தந்திருந்தார். பாதிக் கதவால் குனிந்து உள்ளே வந்து, ஹெலிகொப்டரைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். அலுமாரியில் இருந்த தன் ரேடியோவையும் பார்த்தார். ஜப்பான்காரர் சில நேரம் கூடுதலாகப் போட்டு அனுப்புவார்கள் என்று நான் விளக்கினேன். அவர் ஆணி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, என்ர ரேடியோவிலயும் நீர் இப்பிடி மிச்சம் பிடிக்கிறனீரோ?"

சிவப்பு கியூடெக்ஸ்

ஹெலிகொப்டர் என்பது தன்னைத்தானே உதறிக் கழற்றிக்கொள்ளும் இயந்திரம். அந்த உதறலில் ஆணிகள் தளராமல் இருக்க ஒரு பசை பூச வேண்டும். பெட்டியில் வந்த பசைப்போத்தல் கடல்காற்றில் கல்லாகிவிட்டது. அன்ரனுக்கு ஃபோன் எடுத்தேன். கப்பலில் அவசரத்துக்கு நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸைப் பாவித்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னான்.

வசந்தி கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்தாள். அவளுடைய கியூடெக்ஸ் போத்தல் முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் இருந்தது. நல்ல இரத்தச் சிவப்பு. ஒரு துளிதான் எடுப்பது என்று தொடங்கினேன். ஆனால் இறுக்கிய ஆணியில் சிவப்புப் பொட்டு விழுந்தபோது பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. எல்லா ஆணிக்கும் வைத்து முடிக்கும்போது போத்தலில் தூரிகை மட்டும்தான் ஈரமாக இருந்தது. அன்று பின்னேரம் அவளுடைய மச்சாளின் கலியாண ரிசெப்ஷன். பட்டுச்சீலை உடுத்து, வெறும் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், மேசையில் நின்ற ஹெலிகொப்டரின் சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். அமைதியாகக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, ரிசெப்ஷனுக்கு நான் வாறதோ, இது வாறதோ?"

காற்று வராத விசிறி

மேலே சுற்றும் தகடுகள் இரண்டும் ஒரே பாரமாக இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு பொட்டுக் கூடினாலும் முழு உடம்பும் நடுங்கும். செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுக்கலாம் என்று, தகடுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இதற்கிடையில் காலம் மாறியிருந்தது. சமாதானம் என்ற சொல்லைப் பேப்பர்காரர் உள்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கழற்றி வைத்த மண்மூட்டைகள் திரும்பவும் சந்திகளில் ஏறியிருந்தன. கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.

கையில் நீட்டாகப் பேப்பர் சுற்றிய ஒன்றோடு, தமிழ் அடையாள அட்டையோடு, வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் முறை வந்தபோது ஹெலிகொப்டர் என்ற சொல் வாயில் வரவில்லை. ஃபேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சிப்பாய் பேப்பரைப் பிரித்து, தகடு ஒன்றை எடுத்துப் பார்த்தான். நல்ல வெயில், தொப்பிக்குக் கீழே வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. தகட்டை முகத்துக்கு நேரே பிடித்து விசிறிப் பார்த்தான். பிறகு மற்றதையும் எடுத்து, இரண்டு கையாலும் விசிறினான். திருப்பித் தரும்போது உண்மையான இரக்கத்தோடு, என்னை அண்ணன் என்று கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னான்: "அய்யே, இதில காத்து வராது. கடைக்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான்."

வத்தளையில் ஒரு சுற்று

பறக்கவிட இடம் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையில் காவலரண் இருந்தது. அங்கே பட்டம் விடவே யோசிக்க வேண்டும். அன்ரனின் தமையனுக்கு வத்தளையில் உயரமான மதிலோடு சாமான் அடுக்கும் ஸ்டோர் ஒன்று இருந்தது. அதன் முற்றத்தில், ஹெலிகொப்டரின் சறுக்குக் கால்களுக்குக் கீழே இரண்டு தடிகளைக் குறுக்கே கட்டி, நுனிகளில் பிங்பொங் பந்து குத்தி நிறுத்தினோம். புதிதாகப் பழகுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், சரிந்தாலும் கவிழாது.

ரிமோட்டின் நெம்புகோலை மெல்லத் தள்ளினேன். தகடுகள் சுற்றின, தூசி எழும்பியது, மனம் என்னை விட்டு மேலே போயிற்று. ஹெலிகொப்டர் மட்டும் போகவில்லை. நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரிச் சுழலத் தொடங்கியது. வாலை நேராக வைத்திருக்க ஜைரோ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதை நான் மறுபக்கமாகத் திருப்பிப் பூட்டிவிட்டேன் போல. வால் திரும்பத் திரும்ப அது இன்னும் திருப்பிக்கொடுத்தது. பிங்பொங் பந்துகள் திசைக்கொன்றாகப் பறந்தன. பறந்தது அவை மட்டும்தான். ஸ்டோர்க் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த அன்ரன் தலையை மட்டும் நீட்டிச் சொன்னான்: "கப்பல் இப்பிடிச் சுத்தினா நாங்க திருத்த மாட்டோம் மச்சான், கடல்ல குதிப்போம்."

கோழி

வடக்கிலிருந்து இயக்கத்தின் சின்ன விமானங்கள் குண்டோடு கொழும்புக்கு மேலே வரத் தொடங்கிய பிறகு, வானத்தில் பறக்கிற எதைப் பற்றியும் தமிழில் கதைப்பது புத்தியில்லாத வேலையாகிவிட்டது. நானும் அன்ரனும் ஃபோனில் ஹெலிகொப்டரைக் கோழி என்று சொல்லத் தொடங்கினோம். கோழியின் வால் சரியாகிவிட்டது, கோழிக்குப் பட்டரி சார்ஜ் ஏறுது, கோழி எப்ப பறக்கும். யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் ஹெலிகொப்டர் என்று சொல்லியிருந்தாலே குறைவாகச் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று வசந்திதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஊரில் போட்ட கூரை திரும்பவும் போய்விட்ட கவலையில் இருந்தார். ஒருநாள் வாடகை விஷயமாக வருவதுபோல வந்து, அலுமாரிக்கு மேல் வெள்ளைத் துணி மூடி இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஜைரோவைச் சரியான பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டேன், இனிப் பறக்கும் என்று அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவருடைய முகம் இன்னும் வெளிறியது. படியில் இறங்கும்போது நின்று சொன்னார்: "தம்பி, உம்மில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தத் துணிக்குக் கீழ இருக்கிறதிலதான்."

முதல் பறப்பு

ஒரு விடியற்காலை ஒழுங்கையின் இரண்டு வாயையும் மறித்துத் தேடுதல் நடத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் நடுவயதுப் பொலிஸ் அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார். அலுமாரிக்கு மேல் துணியை இழுத்தவர், உடனே என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். ஹெலிகொப்டரை ஒரு பொலிஸ்காரர் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்தார். என்னை அப்படித் தூக்கவில்லை. வசந்தி வங்கிக்குப் போக உடுத்திருந்த சீலையோடு ஓட்டோ பிடித்துப் பின்னால் வந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் சுவரோரம் கிடந்த நீட்டு வாங்கில் இருத்தினார்கள். பக்கத்தில் ஒரு பெடியன். வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தவனாம். அவனிடம் இடுப்பில் சுற்றிய ஒரு துவாயைத் தவிர வேறொன்றும் இல்லை. குளிக்கப் போகும்போது பிடித்திருக்கிறார்கள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இது எவ்வளவு உயரம் போகும், என்ன பாரம் தூக்கும் என்று கேட்டார். இதுவரைக்கும் ஒரு தடவையும் பறக்கவில்லை மாத்தயா என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமையாக என் தோல்வியைச் சொன்னதில்லை. அப்படியென்றால் காட்டு என்று முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். துவக்கை நீட்டிக்கொண்டு நாலைந்து பொலிஸ்காரர் சுற்றி நின்றார்கள். வசந்தி கேற்றுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலமும் பறக்க வேண்டும் என்று நேர்ந்த பிள்ளையாரிடம், இன்றைக்கு மட்டும் பறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நெம்புகோலைத் தள்ளினேன்.

அது எழும்பியது. ஆடாமல், சுழலாமல், நெஞ்சளவு உயரத்தில் வந்து காற்றில் அப்படியே நின்றது. வால் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு மட்டும் இதை ஒத்துக்கொள்கிறேன்: அந்த நேரத்தில் எனக்குப் பொலிஸும் தெரியவில்லை, மனைவியும் தெரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் துவக்கோடு நின்றவர்களும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிகாரியும்தான். பிறகு கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. ஹெலிகொப்டர் சரிந்தது, நான் நெம்புகோலைத் தவறான பக்கம் இழுத்தேன், அது நேரே போய் ஜீப்பின் சில்லில் மோதிச் சிதறியது. சிவப்புப் பொட்டு வைத்த ஆணி ஒன்று உருண்டு வந்து அதிகாரியின் சப்பாத்தடியில் நின்றது. குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "இதால ஆருக்காவது ஆபத்தெண்டா அது உமக்குத்தான். மனிசி பாவம், கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போம்."

வாங்கு

கையெழுத்து வைக்க உள்ளே போனபோது அந்தப் பெடியன் அதே இடத்தில் துவாயோடு இருந்தான். யன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். எனக்குப் பனியன் போதும் என்று, போட்டிருந்த சேர்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பின்னேரம் அவன் தங்கியிருந்த லொட்ஜில் விசாரித்தேன், அடுத்த நாளும் விசாரித்தேன், வரவில்லை என்றார்கள். பிறகு அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். சேர்ட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டே அவன் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணை, உங்களிட்ட உடைச்சுக் காட்டுறதுக்கு ஒண்டு இருந்தது. நான் எதைக் காட்டுறது?"

ஹெலிகொப்டர் கட்டப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அது தரையை விட்டு எழும்புவதற்குத் தகடு, வால், பட்டரி, காற்று எல்லாம் சரியாக அமைய வேண்டும், ஆனால் கட்டியவன் வீட்டுக்குத் திரும்புவதற்கு அன்று காலை பார்க்கிற அதிகாரிக்குச் சிரிப்பு வந்தால் போதும்.