பாஸ்கல் கிராணி விட்டுக்கொடுத்த நாள்

மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்கு அடியில் இருந்த பிஸ்கட் தொழிற்சாலையில் நான் பன்னிரண்டு வருடம் டின்னில் பிஸ்கட் அடுக்கினேன். அங்கே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவர் பாஸ்கல் அண்ணன். அவரை நல்லவர் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் 1983 டிசம்பரில் ஒரு மூன்று வாரம் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கதை முழுசாகும்.

பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தேங்காய் உரித்தவர். மிஷன் பள்ளியில் படித்துவிட்டு எழுபத்தொன்றில் ஈப்போவுக்கு வந்தார். ஒல்லியான ஆள், படிய வாரிய தலை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. மற்றவர்கள் பேப்பரில் சினிமாப் பக்கம் பார்க்கிற நேரத்தில் அவர் தொழிலாளர் சட்டப் புத்தகம் படிப்பார். தொழிற்சாலை முழுக்கத் தேடினாலும் கிறிஸ்தவர் அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடத்து விடுமுறைப் பட்டியலை டைப் அடித்து, பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேலே ஒட்டுவது அவர் வேலை. சம்பளத்தோடு பத்து நாள். அதில் நான்கைச் சட்டமே சொல்லிவிடும்: சுதந்திர தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம். மீதி ஆறும் எங்கள் சீன முதலாளி தவுக்கேயின் இஷ்டம். எண்பத்திரண்டு டிசம்பரில் ஒட்டிய பட்டியலில் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு வழக்கமான ஒரு நாள் இரண்டு நாளாகியிருந்தது. தைப்பூசத்தைக் காணோம். கிறிஸ்துமஸ் மட்டும் பத்திரமாக இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளு இருக்கு. தைப்பூசம் கொண்டாடற இருபத்து மூணு பேருக்கு அது இல்ல. டைப் அடிச்சது யாரோட கை?" என்றேன், அவர் காதில் விழுகிற மாதிரி.

காளியம்மா அக்கா பட்டியலில் தைப்பூசத்தை இன்னொரு தடவை தேடினார். பீடோர் பக்கம் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் எங்களோடு வந்து சேர்ந்தவர் அவர். மஞ்சள் காமாலையில் கிடந்த மகள் பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். மகள் பிழைத்துவிட்டாள். கேட்காமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருந்தால் வேலையே போய்விடும். அன்று சாப்பாட்டு நேரத்தில் டின் அடுக்குக்குப் பின்னால் நின்று அழுதார். பாஸ்கல் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

சாயங்காலமே சட்டப் புத்தகத்தோடு தவுக்கே அறைக்குள் போனார். முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாளை வைத்துக்கொள்ளலாமாம். நாங்கள் இருபத்து மூன்று பேரும் தைப்பூசத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து டின் அடுக்கவேண்டும். தவுக்கே கேட்டது ஒரே கேள்வி: அன்றைக்கு யார் கேட்டைத் திறப்பது?

"நான் வந்து தொறக்கறேன்" என்றார் பாஸ்கல் அண்ணன்.

மறுநாள் எல்லாரும் வரிசையாக நின்று தாளில் கையெழுத்துப் போட்டோம். ஜனவரிக் கடைசியில் காளியம்மா அக்கா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தார். மகளும் பக்கத்தில் நடந்தாள்.

அதற்குப் பிறகு பாஸ்கல் அண்ணனுக்கு ராஜ உபசாரம்தான். எங்களுக்காகக் கிறிஸ்துமஸையே விட்டுக்கொடுத்த மனிதர் அல்லவா? திங்கட்கிழமை காளியம்மா அக்கா வடை, புதன்கிழமை என் புட்டு, வெள்ளிக்கிழமை முத்தம்மாவின் பாயசம். தீபாவளிக்கு ஏழு டின் பலகாரம் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒல்லியான ஆளுக்குத் தொப்பை வைத்தது. அவர் மனைவி ஐவி சட்டைப் பொத்தானை மாற்றித் தைத்துக் கொடுத்ததாகக் கேள்வி.

எங்களிடம் இருந்தது தினமும் ஒரு தாள் கிழிக்கிற சீனக் காலண்டர். இன்றைக்கு என்ன கிழமை என்பது தெரியும், கிறிஸ்துமஸ் என்ன கிழமையில் வரும் என்று யார் பார்த்தார்கள்? டிசம்பர் முதல் வாரத்தில் மிச்சமிருந்த தாள்களைப் புரட்டிய காளியம்மா அக்கா அப்படியே நின்றுவிட்டார். இருபத்தைந்தாம் தேதி சிவப்புத் தாள்.

"தம்பி, அன்னிக்கு ஞாயித்துக்கிழமைலா. நாம யாருமே வேலைக்கு வர்ற நாளு இல்லையே?"

பாஸ்கல் அண்ணன் பேனாவை மூடினார். "ஆமாக்கா. பொது விடுமுறை ஓய்வு நாள்ல விழுந்தா, அடுத்த வேலை நாளுக்குப் போயிரும். அதான் சட்டம். நீங்க திங்கக்கிழமை வந்தா போதும்."

"ஞாயித்துக்கிழமைன்னு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"தவுக்கேகிட்ட பேசின அன்னிக்கே தெரியும். உங்ககிட்ட சொல்லிறலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அக்கா வடை கொண்டாந்துட்டாங்க. சாப்பிட்டப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கிறிஸ்துமஸை முழுசாகக் கொண்டாடப்போகிற ஆள், பதினொரு மாதம் தியாகி மாதிரி உட்கார்ந்து தின்றிருக்கிறார்! மூன்று வாரம் அவரைத் திட்டிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் வேலை செய்தேன். காளியம்மா அக்கா மட்டும் சிரித்தார். "வடையத்தான சாப்பிட்டாரு, வாக்கையா?" என்றார்.

இருபத்தாறாம் தேதி காலையில் ஏழு மணிக்கு முன்பே இருபத்து மூன்று பேரும் கேட்டுக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு வேலை நடக்காவிட்டால் தவுக்கே இனிமேல் எந்த நாளையும் மாற்றித் தரமாட்டார். "கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிருக்காரு. பாகான் டத்தோலேர்ந்து காலையில பஸ் ஏது? வரமாட்டாரு பாருங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, முத்தம்மா கேட்டைத் தள்ளினாள். அது திறந்திருந்தது.

உள்ளே மாவு மூட்டைமேல் பாஸ்கல் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது.

காளியம்மா அக்கா தட்டி எழுப்பினார். "எப்ப வந்தே தம்பி?"

"நேத்து ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஏறிட்டேன்க்கா. அதை விட்டா இன்னிக்கு மத்தியானம்தான் பஸ்." வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "சட்டத்தைப் பார்த்தேன், பஸ் நேரத்தைப் பார்க்கல."

"ஐவி, பிள்ளைங்க?"

"அண்ணன் வீட்டுலதான் இருக்காங்க. எங்க வீட்டுச் சாவியும் ஐவிகிட்டயே தங்கிருச்சு. வருசத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் நாங்க எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து சாப்பிடுவோம். கிளம்புறப்ப கறி அடுப்புல இருந்துச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பஞ்ச் கார்டுகளை எடுத்து வைத்தார். நாங்கள் வேலையில் இறங்கினோம்.

மத்தியானம் மணி அடித்ததும் காளியம்மா அக்கா சாப்பாட்டு மேசையில் வாழை இலை விரித்தார். நான்கு அடுக்குத் தூக்கில் கோழிக்கறி, வடை, பாயசம். எல்லாம் விடிவதற்கு முன்பே சமைத்தது. அவர் பஸ்ஸில் வந்த கதை எதுவும் தெரியாமலே சமைத்தது. நான் ஓடிப்போய் என் சோற்றையும் கொண்டுவந்து இலையில் வைத்தேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்? கிறிஸ்மஸ் நேத்தே முடிஞ்சிருச்சு" என்றார் பாஸ்கல் அண்ணன்.

"யாரு சொன்னா?" என்றார் காளியம்மா அக்கா. "ஞாயித்துக்கிழமைல விழுந்தா திங்கக்கிழமைக்குப் போயிரும்னு நீதான சட்டம் படிச்சுச் சொன்ன? உட்காரு தம்பி. இன்னிக்குத்தான் கிறிஸ்மஸ்."