மாத்திட்டாங்க

அப்பாவும் நானும் பேசிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் பாதிதான் கேட்கும். அதனால் அப்பா என் இடது பக்கமாக வந்து, முகத்தை எனக்கு நேரே வைத்துக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளே அதிரக் கத்துவார். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதுகூட எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஊரறிந்த செய்தி.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. ஒருநாள் காய்ச்சல் ஏறிப்போகவே, அப்பா லீவு சொல்லாமல் என்னை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் எல்லோர் முன்னாலும் ஏசினான். அப்பாவும் சும்மா இருக்கவில்லை, நன்றாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரமே எங்களைக் கோலா கிளாவாங் பக்கத்து மேட்டு டிவிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு மேடு என்றால் இடுப்பு ஒடிந்துபோகும். யாராவது விசாரித்தால் அம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்: "மாத்திட்டாங்க." தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. தப்பு செய்தவனைத்தான் மாற்றுவார்கள்.

பள்ளியில் என் பெயர் டமாரம். சொல்வதெழுதுதலில் என் காதில் விழுந்ததை எழுதி முட்டை வாங்கினேன். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் எனக்கு அவர் முதுகுதான் பாடம். பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய் போயிற்று. மலாய் போனால் சான்றிதழே கிடையாது. ஊனமுற்றோர் அட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னபோது அம்மா அழுதுவிட்டாள். "அப்புறம் இவளை யாரு லா கட்டிக்குவாங்க?" அட்டை இல்லாத நாளில் மட்டும் மாப்பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்களாக்கும்.

நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரங்களின் இரைச்சல் தாங்காமல் அங்கே எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். முதல்முறையாக நான் யாருக்கும் சளைத்தவளாக இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காதுக்கு மிஷின் வாங்கினேன். மலாய்த் தேர்வை மறுபடியும் எழுதித் தேறினேன். அங்கேயே ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, வெறி பிடித்தவள்போலப் படித்தேன். பிறகு, கோலாலம்பூரில் லேசில் இடம் கிடைக்காத ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள மனுப் போட்டேன்.

நேர்காணலில், பள்ளிக்கூடத்தில் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டார்கள். "கேட்கவில்லை" என்று மலாயில் சொன்னேன். மலாயிலும் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. சொல்பேச்சுக் கேட்காத பெண் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் முடியை ஒதுக்கி மிஷினைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். லயத்தை அதிரவைத்த அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. அம்மா ஒருத்திக்குத்தான் அவர் பேச்சு விளங்கியது. மிஷின் போட்டும் எனக்குக் கேட்கவில்லை. வாய் கோணிப்போனதால் உதட்டைப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

இடம் கிடைத்த சேதி வந்த அன்றே பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "அப்பா, என்னைக் கே.எல்.லுக்கு மாத்திட்டாங்கப்பா!" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ கேட்டார்.

காது கேட்காதவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்காவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவோம். திரும்பத் திரும்பக் கேட்டு அடுத்தவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்கு அது மேல். நானும் சிரித்தேன். "ஆமாப்பா" என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டதுபோல் இருந்தது. "ஆமா, ஆமா" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நன்றாக இருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"இப்பவாச்சும் சொல்லும்மா. அங்க என்னா தப்பு பண்ணினே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காலேஜிலேர்ந்து உன்னை மாத்திட்டாங்கன்னு அப்பாகிட்ட சொன்னியே. 'ஏதும் தப்பு பண்ணிட்டியாம்மா'ன்னு அவரு ரெண்டு வாட்டி கேட்டாராம். நீ ஆமான்னுட்டியாம். வாரம் பூரா அதே பேச்சுதான். 'அவளை ஒண்ணும் கேட்டுடாதே, புள்ள மனசு ஒடிஞ்சிரும்'னு என் வாயையும் அடைச்சிட்டாரு."

அது தண்டனை இல்லை, எத்தனையோ பேர் மனுப் போட்டும் கிடைக்காத இடம் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத அவருகிட்ட சொல்லாம விட்டுட்டியே" என்றாள்.

இப்போது வகுப்பில் எனக்கு ஏதாவது விளங்காவிட்டால் கையைத் தூக்கிவிடுகிறேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறேன். யார் முகம் சுளித்தாலும் எனக்குக் கவலையில்லை. அப்பாவிடம் அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல அந்த மனிதர் ஒரு நாளும் சலித்ததில்லை.